சிவப்பு விமானமும் செல்லசாமியின் கும்பிடும்

செல்லசாமியின் பேரைத் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து வெட்டியது ஓர் உரமூட்டைக்காக. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறிக்கொண்டிருந்தான். எதிரே, அப்போது தோட்டத்து மேனேஜராக இருந்த பெரியதுரை மோட்டார் சைக்கிளில் இறங்கி வந்தார். துரை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ரோட்டை விட்டு ஓரத்துக் கானில் இறங்க வேண்டும், தலைத்துண்டை எடுக்க வேண்டும், கும்பிட வேண்டும். துரை வண்டியின் சத்தம் அடங்கிய பிறகுதான் ரோட்டுக்கு ஏற வேண்டும். செல்லசாமி கானில் இறங்கத்தான் செய்தான். கானில் மழைத்தண்ணீர் முழங்கால் வரை ஓடியது. இரண்டு கையும் மூட்டையைப் பிடித்திருந்ததால் துண்டை எடுக்க முடியவில்லை, கும்பிட முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். அதை மூட்டை மறைத்துவிட்டது.

மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில் எல்லோரையும் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்தார்கள். அவனைக் கூப்பிடவில்லை. மரியாதை தெரியாத ஆள் தோட்டத்துக்கு வேண்டாம் என்று துரை சொல்லிவிட்டாராம். யூனியன்காரர்கள் பேசுகிறோம் என்றார்கள். இப்போதும் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு செல்லசாமி போகாத இடமில்லை. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேங்காய் திருவினான். ஹட்டனில் ஸுஹைர் முதலாளியின் இரும்புக் கடையில் கம்பி சுமந்தான். எங்கேயும் ஒட்டவில்லை. கடைசியில் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கே வந்து சேர்ந்தான். லயத்தில் அவர்களுக்கு இருந்தது ஒரு காம்பரா, ஒற்றை அறை. அதுவும் அவன் மனைவி ராக்காயி பேரில். அவள் கொழுந்து பறிப்பவள். ஒரே மகள் பொல்பிட்டியப் பக்கம் கட்டிக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் ஒருத்தருக்காவது தோட்டத்தில் பேர் இருந்தால்தான் காம்பரா. ராக்காயிக்கோ கால் வீங்கிக்கொண்டே வந்தது, பென்சன் வயதும் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் பேரை எடுக்கிற அன்றைக்கு இரண்டு பேரும் தெருவில் நிற்க வேண்டியதுதான். அதற்கு முன்னால் செல்லசாமி எப்படியாவது தன் பேரை மறுபடி பதிந்தாக வேண்டும். அவன் மிச்ச வாழ்க்கைக்கு அது ஒன்றுதான் வேலை.

அந்த நேரத்தில்தான் புதுப் பெரியதுரை விமானத்தோடு வந்து சேர்ந்தார்.

வடக்கில் சண்டை நின்றிருந்த வருடங்கள் அவை. அதற்கு முன்னால் என்றால் மலையில் பட்டத்தைத் தவிர எது பறந்தாலும் போலீஸ் ஜீப் வந்திருக்கும். துரைமாருக்கு அந்தப் பயமும் இல்லை, பொழுதும் போகவில்லை. ரிமோட்டில் பறக்கிற விமானம் என்றதும் லயத்து ஆட்கள் உள்ளங்கையில் அடங்குகிற பொம்மையை நினைத்தார்கள். வந்து இறங்கியது அப்படி இல்லை. இறக்கையைப் பொருத்தி வைத்தால் செல்லசாமி கையை விரித்துப் படுத்தாலும் எட்டாத அகலம். மூக்கில் மரம் அறுக்கிற மிசினைப் போல இரண்டு மடங்கு எஞ்சின். அதன் முன்னால் இரண்டு கரண்டியைப் பிடியோடு பிடி சேர்த்த மாதிரி ஒரு விசிறி. அது சுற்றுகிறபோது கண்ணுக்குத் தெரியாது, விரலை வைத்தால் விரல் தெரியாது.

பெரியதுரையிடம் இருந்தது மஞ்சள் விமானம். சின்னத்துரை, அதாவது அவருக்குக் கீழே இருந்த இளவட்டத் துரை, பொறுக்கமாட்டாமல் ஒரு சிவப்பு விமானத்தைத் தருவித்தார். பொடியன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்த மைதானத்தை எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடுகிறவனுக்குத் திங்கட்கிழமை வேலை இல்லை என்று மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு சொன்னார். அதோடு பந்து நின்றது.

இரண்டுக்கும் ஒரே இறக்கை அகலம், ஒரே எஞ்சின். ஆனால் குணம் வேறு. மஞ்சள் நீளமானது, கனமானது. கோடு போட்டால் கோட்டிலேயே போகும். வானத்தில் ஒரு வட்டம் போடச் சொன்னால், ஆரம்பித்த இடத்திலேயே கொண்டுவந்து முடிக்கும். மலையிடுக்கில் காற்று அடித்தாலும் அசையாது. இறங்கும்போது மட்டும் வேகமாக வரும், நீள இடம் கேட்கும். பெரியதுரைக்கு அதுதான் பிடித்தது. அவர் தேயிலை மலையையும் அப்படித்தான் நிரை பிசகாமல் வைத்திருப்பார்.

சிவப்பி அப்படி இல்லை. தடித்த இறக்கை, குட்டை மூக்கு, எடை குறைவு. வாலில் இருந்த சுக்கான் கதவுப் பலகை அகலம். அதை வைத்துக்கொண்டு சின்னத்துரை செய்த அட்டகாசம் சொல்லி முடியாது. மூக்கு மேலே பார்க்க, வால் கீழே தொங்க, தரைக்கு ஒரு முழம் மேலே அப்படியே நிற்க வைப்பார். நிற்கிற நிலையிலேயே சுற்ற வைப்பார். காற்று அடித்தால் அது தள்ளாடும், நேர்கோட்டில் போகச் சொன்னால் நெளியும். உயர மலையில் காற்று மெலிசு, எஞ்சினுக்கு மூச்சு வாங்கும், இங்கே தொங்குகிற வித்தை எல்லாம் ஆபத்து என்று பெரியதுரை சொல்வார். நேராகப் பறக்க பஸ் போதாதா, அதற்கு எதற்கு விமானம் என்று சின்னத்துரை திருப்பிச் சொல்வார். பங்களா வராந்தாவில் இரண்டு பேரும் இதையே வாரக்கணக்கில் பேசினார்கள். தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து கிடந்தது.

அதில் ஒரு பேச்சு செல்லசாமிக்கு நன்றாக மனதில் பதிந்திருந்தது. மஞ்சள்காரன் பயந்தால் ரிமோட்டில் இருக்கிற கட்டைவிரல் எஞ்சினை மூடும். விமானம் உயரத்தில் இருக்கும், மிதந்துகொண்டே இறங்கிவிடலாம். சிவப்பிக்காரன் பயந்தால் கட்டைவிரல் எஞ்சினைத் திறக்கும். தரைக்கு ஒரு முழத்தில் தொங்குவதை மூடினால் விழுந்துவிடும், திறந்தால்தான் மேலே ஏறித் தப்பும். ஆளைக் கேட்கவே வேண்டாம், விரல் தானாகச் செய்யும் என்று இரண்டு துரையும் சிரித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அந்த ஒரு விஷயத்தில்தான் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள்.

எஞ்சினைக் கிளப்பும்போது பின்னால் ஒருவன் மண்டியிட்டு வாலுக்கு முன்னால் விமானத்தின் உடம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் பாய்ந்துவிடும். முதல் நாள் பங்களாத் தோட்டக்காரனைப் பிடிக்கச் சொன்னார்கள். அவனை விமானம் இழுத்துக்கொண்டு போய்க் குப்புறத் தள்ளியது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த செல்லசாமி ஓடிப்போய்ப் பிடித்தான். மூட்டை பிடித்த கை. விமானம் நின்றுவிட்டது.

"ஏய், ஒன் கை நல்ல கை," என்றார் பெரியதுரை. "பேரு என்ன?"

"செல்லசாமிங்க. பேரு வெட்டினதுங்க, தொர."

"நல்லா புடி. பேரு போடலாம்."

அந்த ஒரு சொல்லுக்காக அவன் வருடக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளை மண்டிபோட்டுக் கழித்தான். மழையில், பனியில், முகத்தில் எண்ணெய்ப் புகை அடிக்க. காது இரைந்துகொண்டே இருந்தது. பேரைப் பற்றிக் கேட்டால் "அடுத்த மாசம்" என்று பதில் வரும். பெரியதுரை தனியாக இருக்கும்போது, "மஞ்சக் கலருதாங்க தொர ராசா மாதிரி போகுது, மத்தது கூத்தாடிங்க," என்பான். சின்னத்துரையிடம், "சிவப்பிதாங்க தொர உசுரு உள்ளது, மத்தது பொணம் மாதிரி போகுதுங்க," என்பான். இரண்டு பேரும் அவனைத் தங்கள் ஆள் என்று நினைத்தார்கள். அவனும் தான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டான். பாவம்.

ஒரு ஞாயிறு கொழுந்து மிச்சம் என்று பெண்களை மலைக்கு அனுப்பியிருந்தார்கள். சின்னத்துரைக்கு விளையாட்டுத் தோன்றியது. சிவப்பியைக் கொண்டுபோய்ப் பெண்களுக்குப் பின்னால், தேயிலைச் செடி உயரத்தில் தொங்கவிட்டார். அது போட்ட ஓலத்தில் பெண்கள் கூடையோடு சிதறி ஓடினார்கள். வீங்கின காலோடு ஓட முடியாத ராக்காயி செடிக்குள் விழுந்தாள். கூடை உருண்டு கொழுந்து எல்லாம் கொட்டியது. கவ்வாத்து வெட்டின குச்சி ஒன்று அவள் காலில் ஏறிவிட்டது. சின்னத்துரை விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டுச் செல்லசாமியைத் திரும்பிப் பார்த்தார். அவனும் சிரித்தான். சிரிக்காமல் இருக்க அவனுக்கு வசதி இல்லை.

அன்று மாலை ராக்காயி காலில் மஞ்சளை அப்பிக்கொண்டே கேட்டாள். "நீங்களும் சிரிச்சீங்கள்ல?"

"தொர சிரிச்சாருடி."

"விழுந்தது நான்னு தெரிஞ்சுதான் சிரிச்சீங்களா?"

"காம்பரா வேணுமா வேணாமா ஒனக்கு?"

அவள் பழந்துணியைக் கிழித்துக் காலைக் கட்டினாள். செல்லசாமிக்குச் சோறு இறங்கவில்லை. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த ஞாயிறும் போய் வாலைப் பிடித்தான்.

இப்படி இருக்கையில் கொழும்பிலிருந்து கம்பெனியின் பெரிய முதலாளி வருவதாகச் சேதி வந்தது. அவருடைய மகனுக்கு இந்த விமானப் பைத்தியம் பிடித்திருந்தது. நேர்த்தியாகப் பறக்கிறதை வாங்கிக் கொடுப்பதா, தொங்குகிறதை வாங்கிக் கொடுப்பதா என்று நேரில் பார்த்து முடிவு செய்ய வருகிறாராம். துரைமார் இரண்டு பேருக்கும் தூக்கம் போய்விட்டது. முதலாளி யாருடைய விமானத்தை மெச்சுகிறாரோ அவருக்கு அடுத்த உயர்வு என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டார்கள்.

பெரியதுரை செல்லசாமியைக் கூப்பிட்டார். "அவர் வந்து போனதும் ஒன் பேரு போடுறேன். பெரிய கிளாக்கர் கிட்ட சொல்லியாச்சி."

ஆபீசில் பேர் பதிகிற பெரிய கிளாக்கர் செல்வரத்தினம் யாழ்ப்பாணத்தார். துரை சொன்னது மெய் என்று அவரும் சொன்னார். செல்லசாமி லயத்துக்கு ஓடிவந்து ராக்காயியிடம் சொன்னான். அவள் நம்பவில்லை, ஆனாலும் அன்று கருவாடு வாங்கிக் குழம்பு வைத்தாள்.

முதலாளி வருவதற்கு முந்தின வாரம் முழுக்கப் பெரட்டுக் களத்தில் கும்பிடு பழக்கினார்கள். இது கட்டுக்கதை இல்லை. கிழடு கட்டை எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, கங்காணி முதலாளியைப் போல நடந்து வருவார். பக்கத்தில் வந்ததும் துண்டை எடுக்க வேண்டும், கையைச் சேர்க்க வேண்டும். பிந்தினவனுக்கு மறுபடியும். பெரியதுரை செல்லசாமியைத் தனியாகப் பிரித்து நிறுத்தினார். அவனுடைய பழைய கதையை யாரோ காதில் போட்டிருக்க வேண்டும்.

"நீ முந்தி மரியாத குடுக்காத ஆளுதானே? அவர் கிட்ட வந்தா எழும்பணும். ஒக்காந்து இருக்கக் கூடாது. வெளங்கிச்சா?"

"வெளங்குதுங்க, தொர."

"செஞ்சு காட்டு."

செய்து காட்டினான். இன்னும் வேகமாக என்றார். மறுபடி செய்து காட்டினான். முட்டி தேய மண்டியிட்டு எழுந்து, மண்டியிட்டு எழுந்து, அந்த வாரத்தில் கும்பிடு அவன் எலும்புக்குள் போய்விட்டது. வாலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது முதலாளி வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கேள்வி கேட்பதும் மரியாதைக்குறைவுதானே.

அந்த ஞாயிறும் வந்தது. வெயில் நன்றாக அடித்தது. முதலாளி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று இரண்டு விமானங்களையும் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். மஞ்சள் முன்னால் சற்றுத் தள்ளி, எஞ்சின் நின்றபடி இருந்தது. சிவப்பி பின்னால் இருந்தது. மஞ்சளைத்தான் முதலில் பறக்கவிட வேண்டும் என்பது பெரியதுரையின் கணக்கு. முதலாளி சிவப்பியைக் காட்டி, அதைக் கிளப்பு என்றார். சின்னத்துரைக்கு வாயெல்லாம் பல்.

செல்லசாமி மண்டியிட்டு இரண்டு கையாலும் பிடித்தான். எஞ்சின் பற்றியது. சிவப்பி எப்படி முட்டும் என்று முதலாளிக்குக் காட்டுவதற்காகச் சின்னத்துரை பாதி வரை திறந்துவைத்து, ரிமோட்டைக் கழுத்துவாரில் தொங்கவிட்டபடி இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தார். புல் படுத்துக் கிடந்தது. வால் செல்லசாமியின் கைக்குள் துள்ளியது. அவன் கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டான்.

யாரோ தோளைத் தட்டினார்கள். திரும்பிப் பார்த்தான். முதலாளி. துரைக்கும் துரை. அவர் குனிந்து, சிரித்த முகத்தோடு, எது நல்லது, இதுவா அதுவா என்று சிங்களத்தில் கேட்டார்.

செல்லசாமி எழுந்தான். ஒரு கை துண்டை எடுத்தது. மறு கை வந்து சேர்ந்தது. அவ்வளவு அருமையான கும்பிடு அந்தத் தோட்டத்தில் யாரும் போட்டதில்லை.

சிவப்பி பாய்ந்தது. அப்போதும் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. எஞ்சினை மூடியிருந்தால் புல்லில் கொஞ்ச தூரம் ஓடி நின்றிருக்கும். ஆனால் சின்னத்துரை பயந்துவிட்டார், பயந்த சிவப்பிக்காரனின் கட்டைவிரல் பழக்கப்பட்டதைச் செய்தது. செல்லசாமிக்கு அது காதிலேயே தெரிந்தது. எஞ்சின் முழுசாகத் திறந்து அலறியது. சிவப்பி மஞ்சளின் வாலில் ஏறி, முதுகை அறுத்துக்கொண்டு போய், இறக்கையைக் கொத்திப் போட்டுத் தானும் உடைந்து நின்றது. மரச் சீவலும் மஞ்சள் தாளும் மேலே போய் மெதுவாக இறங்கின.

முதலாளிதான் முதலில் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை, இருமல் வரும் வரை சிரித்தார். அவர் போன பயணங்களிலேயே இதுதான் நல்ல வேடிக்கையாம். பிறகு செல்லசாமியைக் காட்டி, ஆட்களை நல்ல மரியாதையாக வைத்திருக்கிறீர்கள் என்று பெரியதுரையின் கையைக் குலுக்கினார். பெரியதுரை சிரித்தார். சின்னத்துரையும் சிரித்தார். சிரிக்காமல் இருக்க அவர்களுக்கும் வசதி இல்லை. செல்லசாமி மட்டும் கும்பிட்டபடியே நின்றான். கையை இறக்கு என்று யாரும் சொல்லவில்லை.

முதலாளி பிறகு மகனுக்கு விமானமே வாங்கிக் கொடுக்கவில்லை, படகு வாங்கிக் கொடுத்தாராம். அது பிந்தின கதை.

அன்று முதலாளியின் கார் கண்ணுக்கு மறைந்ததும் சின்னத்துரை, "அவன் கைய விட்டான்," என்றார். பெரியதுரை உடைந்த சிவப்பியையும் சின்னத்துரையின் கட்டைவிரலையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரியாததா? அந்தப் பேச்சைப் பேசியவரே அவர்தான். கடைசியில் செல்லசாமியைப் பார்த்து, "போ," என்றார்.

மறுநாள் பெரிய கிளாக்கர் லயத்துக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடி சொன்னார். "உம்மடை பேரைப் பதியேலாது காணும். ராக்காயிக்கும் பென்சன் வயசு வந்திட்டுதெண்டு துரை பேரை எடுக்கச் சொல்லிப்போட்டார். காம்பராவையும் விடவேணும்."

"ஐயா, கும்புடச் சொன்னது தொரைங்க," என்றான் செல்லசாமி. "கைய விட்டது நான்தான், இல்லேங்கல. எஞ்சின தொறந்தது சின்னத்தொரைங்க. மூடியிருந்தா அங்கனயே நின்னிருக்குங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கய்யா."

"அது எனக்கும் தெரியும், பெரியதுரைக்கும் தெரியும்," என்றார் செல்வரத்தினம். "தெரிஞ்சு என்ன செய்யிறது? நானும் உந்த ஆபீஸ் மேசையிலை இருக்கவேணுமெல்லோ."

செல்லசாமி அவரையும் கும்பிட்டான். ராக்காயி உள்ளே அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கோழிகளைப் பக்கத்துக் காம்பரா ராசம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து தட்டுமுட்டுச் சாமானைக் கட்ட ஆரம்பித்தாள்.

அந்த வாரக் கடைசியில் கிளம்பினார்கள். மகள் வீடுதான் போக்கிடம். சம்பந்தி முகத்தைத் தூக்குவாள் என்று தெரிந்தே போனார்கள். செல்லசாமி தகரப் பெட்டியைத் தலையில் வைத்திருந்தான். அதற்குள்தான் சாமிப் படம், கண்ணாடி, ராக்காயியின் சேலைகள், மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கின பீங்கான் கோப்பை. ராக்காயி காலை இழுத்து இழுத்துப் பின்னால் வந்தாள். இரவெல்லாம் மழை பெய்து கான் நிறைந்து ஓடியது.

வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது. துரையின் ஜீப்.

இனி அந்தத் தோட்டத்தில் அவனுக்கு ஒன்றும் கிடையாது. வெட்டுவதற்குப் பேர் இல்லை, பறிப்பதற்குக் காம்பரா இல்லை. நடுரோட்டில் நிமிர்ந்து நின்றிருந்தாலும் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவனுக்கும் அது தெரியும். காலுக்கும் கைக்கும்தான் தெரியவில்லை. கால் கானில் இறங்கியது. ஒரு கை துண்டுக்குப் போனது, மறு கை வந்து சேர்ந்தது. தகரப் பெட்டி தலையிலிருந்து சரிந்து, ரோட்டு விளிம்பில் மோதித் திறந்து, கானுக்குள் விழுந்தது.

ஜீப் மெதுவாகத்தான் போனது. உள்ளே துரை இல்லை. டிரைவர் சின்னத்தம்பி மட்டும் இருந்தான். பின்னால் மஞ்சள் விமானத்தின் உடைந்த உடம்பைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பழுது பார்க்கக் கொழும்புக்குப் போகிறது. அடிபடாமல் இருக்கக் கீழே மெத்தை விரித்திருந்தது.

ராக்காயி காலின் வலியால் கானில் இறங்கவில்லை. ரோட்டு ஓரத்திலேயே நின்றாள். தண்ணீர் அவள் சேலைகளை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தாள். பிறகு முழங்கால் தண்ணீரில் கையைச் சேர்த்தபடி நிற்கிற புருசனைப் பார்த்தாள்.

"யாருக்குங்க கும்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

ஜீப் அடுத்த வளைவில் திரும்பிவிட்டது. அதன் சத்தம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. அவன் கையை இறக்கவில்லை.